ஒரு தொட்டி, நூறு குழாய்



தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை அறியாதவர் நம்மில் இலர். மேட்டின்மேல் ஒரு தொட்டி இருக்கும். அங்கிருந்து இரும்புக் குழாய் இறங்கி வரும். லயங்களின் முன்னால் இத்தனை வீட்டுக்கு ஒரு குழாய் என்று நட்டிருப்பார்கள். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டிக்கொண்டவர் எவருமில்லை. பம்பை ஓட்ட, தொட்டியைக் கழுவ, வால்வைத் திறந்து மூட ஓர் ஆள் இருந்தார். அவர் தம் வேலையை ஒழுங்காகச் செய்தால் தோட்டம் முழுவதும் குளித்தது, சமைத்தது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய இத்தகையதே. ஒரு கணினியில் ஒரே முறை நிறுவி வைத்த மென்பொருளை, வலையமைப்பில் இணைந்த பல கணினிகள் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த மென்பொருளுக்கு விலை கொடுக்கவேண்டியதில்லை என்னும் நிலை எப்படி வந்தது. இதனால் நம் பிள்ளைகளுக்கு ஆகவேண்டியது என்ன என்பதே அப்பொருள்.

பால்வெட்டுக்கும் பழம் அறுப்புக்கும் போய் வருகிற நமக்குக் கணினிச் சங்கதி எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் தோட்டத்தில் இன்னும் இருப்பவர்களும் சரி, தோட்டத்தை விட்டுக் கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் குடியேறியவர்களும் சரி, பிள்ளைகளைப் பாலிடெக்னிக்குக்கும் கியாட்மாராவுக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். பிள்ளை கணினிப் பாடம் எடுத்தவுடன் முதலில் கேட்பது மடிக்கணினி. அதைத் தவணையில் வாங்கிக் கொடுத்து மூச்சுவிடுவதற்குள் அடுத்த கேள்வி வருகிறது: "அம்மா, இதில் போட மென்பொருள் வாங்கவேண்டும்." விலையைக் கேட்டால் ஒரு மாதத்துச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும்போல் இருக்கும். பிறகு யாரோ திருட்டுப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் என்னென்ன நோய்க் கிருமிகள் ஒட்டிக்கொண்டு வந்தன என்று எவருக்கும் தெரியாது. இந்தச் சங்கடத்துக்கு நேர்மையான வழி ஒன்று நாற்பது ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கிறது. நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை என்பதுதான் எங்களுக்கு ஆற்றாமை.

மென்பொருள் என்பது கணினிக்கு எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. அதற்கு இரண்டு உருவங்கள் உண்டு. தையல் தெரிந்த பெண்கள் இதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். சட்டை தைக்குமுன் காகிதத்தில் அளவு வெட்டி வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அந்தக் காகித வெட்டு கையில் இருந்தால் ஒல்லியானவருக்கும் தைக்கலாம், பருத்தவருக்கும் தைக்கலாம். கழுத்தை மாற்றலாம், கையை நீட்டலாம். தைத்து முடித்த சட்டையை மட்டும் கொடுத்தால் உடுத்திக்கொள்ளலாம். அதைக்கொண்டு இன்னொருவருக்கு வெட்டுவது கடினம். மென்பொருளில் காகித வெட்டு போன்றது மூலநிரல். தைத்த சட்டை போன்றது கணினி நேரே ஓட்டும் உருவம். விற்பனை மென்பொருள்காரர்கள் பெரும்பாலும் சட்டையை மட்டும் தருவார்கள். அதையும் இத்தனை கணினிக்கு இத்தனை என்று எண்ணித் தருவார்கள். திறந்த மூல மென்பொருள் என்பது காகித வெட்டையும் சேர்த்துக் கொடுப்பது. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இது எவரோ இரக்கப்பட்டு இட்ட பிச்சை என்று எண்ணிவிடக்கூடாது. இதற்கு எழுத்தில் உரிமம் உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைப் போலவே ஒன்றை, எவரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி எழுதுவது அதன் நோக்கம். 1989இல் குனு பொது உரிமம் வெளிவந்தது. வாங்கியவர் பிறருக்குக் கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமையையும் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை வெளியிட்டு, அடுத்த ஆண்டு அதே உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பிள்ளை அவர்!

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1985ஆம் ஆண்டு மிமோஸ் என்னும் ஆய்வு அமைப்பு தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய டாக்டர் முகமட் அவாங் லாவும் அவர் குழுவினரும் 1987இல் 'ரங்கோம்' என்னும் மலேசியக் கணினி வலையமைப்பை அமைத்தார்கள். பல்கலைக்கழகங்களில் இருந்த கணினிகள் தொலைபேசி வழியாக ஒன்றோடொன்று கடிதம் பரிமாறிக்கொண்டன. 1992இல் 'ஜாரிங்' வந்தது; மலாயில் ஜாரிங் என்றால் வலை. துணைக்கோள் வழியே அமெரிக்காவோடு நேர்த் தொடர்பு கிடைத்தது. அதன் வேகம் வினாடிக்கு 64 ஆயிரம் பிட். இன்று கைப்பேசியில் படம் பார்க்கிற பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஜாரிங் பல்லாண்டுகள் நாட்டுக்கு இணையம் தந்துவிட்டு, 2015இல் கடையை மூடியது.

அந்த வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதாவது ஏறக்குறைய ஓர் ஆங்கில எழுத்து. ஆக வினாடிக்கு எட்டாயிரம் எழுத்து வரும். பத்து மெகாபைட் அளவுள்ள மென்பொருள் ஒன்றை அமெரிக்காவிலிருந்து இறக்க 1250 வினாடி, அதாவது 21 நிமிடம் ஆகும். அதுவும் அந்த முழுப் பாதையையும் ஒருவரே பயன்படுத்தினால். ஓர் ஆய்வுக்கூடத்தில் 40 கணினிகள் இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே இறக்கத் தொடங்கினால் ஏறக்குறைய 14 மணி நேரம். இடையில் நாட்டின் பிற அறிஞர்கள் எல்லாரும் கைகட்டிக் காத்திருக்க வேண்டும்! வலையமைப்பு எட்டாத இடங்களுக்கு ஸ்டால்மனின் அறக்கட்டளை மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பிய காலமும் உண்டு. ஒரு நாடா வந்தால் அதை நாற்பது கணினியில் செருகிக்கொண்டு திரிய முடியுமா? ஆகவே உலகெங்கும் யூனிக்ஸ் கணினி வைத்திருந்தவர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஒரு முறை கொண்டுவா. ஒரு கணினியில் வை. மற்றவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

எப்படி எடுத்துக்கொள்வது? 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் என்.எப்.எஸ். என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. வலையமைப்புக் கோப்பு முறை என்று இதைச் சொல்லலாம். மையக் கணினி, அதாவது சர்வர், தன் வட்டில் உள்ள ஓர் அடைவை மற்றவர்களுக்குத் திறந்து காட்டுகிறது. மற்றக் கணினி அந்த அடைவைத் தன் வீட்டு அறைபோலவே பொருத்திக்கொள்கிறது. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது பக்கத்து அறையில் இருக்கும் கணினியிலிருந்து வருகிறது என்பதே தெரியாது. குழாயைத் திறப்பவர் தொட்டியை எண்ணிப் பார்ப்பதில்லை, அதுபோலத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எல்லாக் கணினியிலும் அந்த அறை ஒரே பெயரில் தோன்றவேண்டும். பல மென்பொருள்கள் தமக்கு வேண்டிய துணைக் கோப்புகள் எந்த முகவரியில் இருக்கின்றன என்று தமக்குள்ளேயே குறித்து வைத்திருக்கும். ஒரு கணினியில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்றால் வீட்டு எண் மாறிய கடிதம்போல் அலையும்.

இந்த முறையின் அருமை புதுப்பிக்கும்போதுதான் தெரியும். மென்பொருளில் ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. புதிய பதிப்பு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினிக்குக் கால் மணி நேரம் என்றால் நாற்பது கணினிக்குப் பத்து மணி நேரம். அதிலும் முப்பத்தேழாவது கணினிக்கு வரும்போது நிறுவுபவருக்குக் கண் அயர்ந்துவிடும், ஒன்று தவறிவிடும். மைய முறையில் கால் மணி நேரத்தில் நாற்பதுக்கும் முடிந்தது. எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் அதே பதிப்பு, அதே நடத்தை. வகுப்பில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது எத்தகைய நிம்மதி என்பதைச் சொல்லி முடியாது. "டீச்சர், எனக்கு அந்தப் பொத்தானே இல்லை" என்ற குரல் எழாது.

ஒரு சிக்கல் உண்டு. எல்லாக் கணினிக்கும் உள்ளே இருக்கும் செயலி ஒரே இனமன்று. சன் நிறுவனத்தின் கணினிகளில் ஸ்பார்க் என்ற செயலி, மற்றவற்றில் இன்டெல். ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டை மற்றவருக்குப் பொருந்தாது. இங்கேதான் காகித வெட்டு கைகொடுக்கிறது. மூலநிரல் கையில் இருப்பதால் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு முறை தைத்து, தனித்தனி அடைவில் வைத்தார்கள். கணினி தன் இனத்தை அறிந்து தனக்குரிய அலமாரியைத் திறந்துகொள்ளும். விளக்கக் குறிப்பு, எழுத்துரு, படம் போன்றவை எல்லா இனத்துக்கும் பொது. அவற்றை ஒரே இடத்தில் வைத்தால் போதும். மூலநிரல் தராத விற்பனை மென்பொருளில், விற்பவர் மனம் வைத்து அந்த இனத்துக்கும் தைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

இன்னொரு சிக்கல், பதிப்புகளைக் கலப்பது. நூறு மென்பொருளின் கோப்புகளையும் ஒரே அடைவில் கொட்டி வைத்தால், பின்னொரு நாள் ஒன்றை நீக்க நினைக்கும்போது எது யாருடையது என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'டிப்போ' என்றொரு ஏற்பாடு செய்தார்கள். அதைப் பார்த்துப் பின்னர் எழுதப்பட்டது 'குனு ஸ்டோ'. கப்பலில் சரக்கை முறையாக அடுக்குவதற்கு ஆங்கிலத்தில் ஸ்டோ என்பார்கள். கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு இது புதிய சங்கதியன்று. ஒவ்வொரு மென்பொருளுக்கும், அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அறை. பொது அடைவில் இருப்பவை வெறும் கைகாட்டிகள். 'பொருள் அந்த அறையில் இருக்கிறது' என்று காட்டுபவை. புதிய பதிப்பு வந்தால் புதிய அறையில் வைத்துச் சோதித்துவிட்டுக் கைகாட்டியைத் திருப்பிவிடலாம். கோளாறு என்றால் கைகாட்டியைப் பழைய அறைக்கே திருப்பலாம். பழைய அறையை உடனே இடித்துவிடக்கூடாது. எவரேனும் அதைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருக்கக்கூடும். பாடப்புத்தகம் மாறிய ஆண்டில் பழைய புத்தகக் கட்டை ஓரத்தில் வைத்திருப்போமே, அந்தப் பழக்கந்தான். எம்.ஐ.டி.யில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் இப்படிப்பட்ட அறைகளுக்கு 'லாக்கர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மாணவர் தமக்கு வேண்டிய லாக்கரைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்.

சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. தோட்ட ஆஸ்பத்திரி மருந்து அலமாரியின் சாவி டிரெசரிடம் இருந்தது. மருந்து எல்லாருக்கும் உரியது. அலமாரியில் கை வைப்பது அவர் ஒருவர்தான். மையக் கணினியும் அப்படியே. மென்பொருள் அடைவை மற்றக் கணினிகளுக்குப் 'படிக்க மட்டும்' என்று திறப்பார்கள். எடுத்து ஓட்டலாம், மாற்றி எழுத முடியாது. ஒரு கணினியில் கிருமி புகுந்தாலும் அது பொது அலமாரியில் உள்ளதைக் கெடுக்க இயலாது. இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்றும் உண்டு. யூனிக்ஸில் எல்லா அதிகாரமும் பெற்றவரை 'ரூட்' என்பார்கள். தம் கணினியில் ரூட்டாக இருப்பவர் வலையமைப்பு வழியே மையக் கணினியின் கதவைத் தட்டினால், அங்கே அவர் ரூட் ஆகமாட்டார். சாதாரண விருந்தாளி ஆகிவிடுவார். தம் வீட்டில் ராஜாவாக இருக்கலாம். அடுத்த வீட்டில் பாயில்தான் உட்காரவேண்டும்.

இனி இம்முறையின் குறையைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. தொட்டியில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். பம்பு பழுதான நாளில் தோட்டம் முழுவதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடியவர்கள் நாம். மையக் கணினி நின்றால் நாற்பது திரையும் ஒரே நேரத்தில் உறைந்துவிடும். என்.எப்.எஸ்.ஸில் ஒரு நற்குணம் உண்டு: உரிய முறையில் அமைத்திருந்தால், சர்வர் திரும்பி எழுந்தவுடன் உறைந்த வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். என்றாலும் காத்திருக்கும் நேரம் வீண்தானே. ஆகவே அனுபவசாலிகள் இரண்டாவது தொட்டி கட்டினார்கள். கார்னகி மெலனில் ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஏ.எப்.எஸ். என்னும் முறையில், படிக்க மட்டுமான மென்பொருளைப் பல சர்வர்களில் நகலெடுத்து வைக்கலாம். ஒன்று விழுந்தால் மற்றொன்று கொடுக்கும். மேலும் ஒவ்வொரு கணினியும் எடுத்ததைத் தன் வட்டில் சேமித்தும் வைக்கும். வீட்டு வாசலில் தோம்பு வைத்து நீர் பிடித்து வைப்பதைப் போன்றது அது. 2000ஆம் ஆண்டு ஐ.பி.எம். இதன் மூலநிரலையும் உலகுக்குத் திறந்துவிட்டது.

குழாய், தொட்டி எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை ஆள்தான். நாங்கள் அறிந்த ஒரு பள்ளியில் இருபது கணினிகள் கொண்ட அறை இருந்தது. அதைக் கவனித்துக்கொண்ட ஆசிரியர் மிகத் திறமைசாலி. மாற்றலாகிப் போனார். கடவுச்சொல் அவர் தலையோடு போயிற்று. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எது எதை நம்பி ஓடுகிறது என்று எழுதி வைத்த நோட்டு ஒன்றுமில்லை. அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். பிள்ளைகள் சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் ஆண்டில் கரையான் வந்தது. மென்பொருளுக்கு ஒரு காசு செலவில்லை, கணினியும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. ஐந்து வெள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று இல்லாததால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்த அறை எட்டாமற் போயிற்று. ஓட்டுகிறவர்கள் குறைந்தது இருவராவது இருக்கவேண்டும். நிறுவிய நாள், பதிப்பு, காரணம் மூன்றையும் எழுதவேண்டும் என்று யூனிக்ஸ் பராமரிப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு எவ்வளவு கண்டிப்பானது என்பது அந்தப் பூட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

தமிழுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். கணினியில் தமிழ் வருவதற்கு நம் நாட்டவர் செய்த தொண்டு பெரிது. ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறன் அவர்களின் மகன் முத்து நெடுமாறன் எண்பதுகளிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அதன் முரசு அஞ்சல் பதிப்பு ஒன்று இலவசமாகவே உலகத் தமிழரிடம் பரவியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். விலையில்லாமல் கிடைப்பது வேறு. மூலநிரலோடு கிடைப்பது வேறு. முன்னது ஆக்கியவரின் அன்பு. பின்னது உரிமத்தால் வரும் உரிமை. இரண்டுமே நமக்குப் பயன்பட்டன. இன்று 'லோகித் தமிழ்', 'நோட்டோ' போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன. மையக் கணினியின் பொது அடைவில் இத்தகைய எழுத்துரு ஒன்றை ஒரு முறை வைத்து, எழுத்துரு தேடும் பட்டியலில் அந்த அடைவின் பெயரை எழுதிவிட்டால், நாற்பது கணினியிலும் தமிழ் தெரியும். லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளின் பொத்தான்களும் பட்டியல்களும் தமிழிலேயே இருக்கின்றன. பல நாட்டுத் தமிழர்கள் ஊதியமின்றி உட்கார்ந்து மொழிபெயர்த்தவை.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனவர்கள் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடைபாதையில் செல்லும் பார்வையற்றோரைப் பார்த்திருப்பீர்கள். பார்வையற்றோர் சங்கம் பல்லாண்டுகளாக அங்கே இயங்குகிறது. அவர்கள் கணினியைப் பயன்படுத்தத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் வேண்டும். விற்பனைக்கு உள்ளவை ஆயிரக்கணக்கான வெள்ளி. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டே துணை சேர்ந்தார். மூலநிரலைத் திறந்தே வைத்தார்கள். அது விண்டோஸில் ஓடுவது. லினக்ஸில் ஓர்க்கா என்று ஒன்று இருக்கிறது. அதை மைய அடைவில் நிறுவினால் எந்தக் கணினியின் முன் உட்கார்ந்தாலும் அது பேசும். பார்வையற்ற மாணவருக்கென்று மூலையில் ஒரு தனிக் கணினி ஒதுக்கவேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே மைய நிறுவல் முறையை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்.

நம் அரசும் 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. மம்பு என்னும் நிர்வாக நவீனமயத் துறை அதை நடத்தியது. புத்ராஜெயாவில் இருந்த துறை அது. புத்ராஜெயா என்று இன்று சொல்கிற இடம் ஒரு காலத்துப் பெராங் பெசார் தோட்டம். அங்கிருந்து டிங்கில் பக்கம் பெயர்க்கப்பட்ட குடும்பங்களில் நமக்கு உறவினர் இல்லாதவர் குறைவு. மிமோஸ் இன்று இருக்கும் தொழில்நுட்பப் பூங்கா புக்கிட் ஜாலிலில் உள்ளது. புக்கிட் ஜாலிலும் தோட்டந்தான். நாம் பால் எடுத்த மண்ணில் கணினிகள் ஓடுகின்றன. அவற்றின் சாவி எத்தனை நம் பிள்ளைகளிடம் இருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் கேரளத்தில் ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகள் லினக்ஸ் கொண்டே பாடம் நடத்துகின்றன. சென்னையில் சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியிருக்கிறது. நம்மிடம் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1999இல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. என்னும் ஏற்பாட்டின்படி, நல்ல சர்வர் ஒன்று இருந்தால், வட்டு செத்துப்போன பழைய கணினிகளும் வலையமைப்பு வழியே இயக்க முறைமையையே வாங்கிக்கொண்டு ஓடும். கழித்துக்கட்டிய கணினி எந்தப் பள்ளி ஸ்டோரில்தான் இல்லை?

வட்டின் விலை மலிந்துவிட்ட இக்காலத்தில் மைய நிறுவல் தேவைதானா என்று பிள்ளைகள் கேட்டால், கேள்வி சரியானதே. இன்று பல அலுவலகங்களில் ஒவ்வொரு கணினியிலும் மென்பொருளைத் தனியே வைத்து, புதுப்பிப்பதை மட்டும் ஒரு மையத்திலிருந்து தானியங்கியாகச் செய்கிறார்கள். சிறிய அலுவலகத்துக்கு அது போதும். ஆனால் பல நூறு கணினிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் ஆய்வுக்கூடங்களில் பழைய முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடம் தன் அறிவியல் மென்பொருளை ஒரே இடத்தில் நிறுவி, உலகெங்கும் உள்ள கணினிகளுக்குச் சி.வி.எம்.எப்.எஸ். என்னும் முறையில் வழங்குகிறது; வழியெங்கும் சிறு தொட்டிகள். 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் உலகின் முதல் ஐந்நூறு மீத்திறன் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. சைபர்ஜெயாவில் பெரிய தரவு மையங்கள் வந்துவிட்டன. அங்கே இரவு பகலாகச் சர்வர்களைக் கவனிக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கற்கவேண்டியவை எல்லாம் விலையின்றித் திறந்து கிடப்பவை. ஆங்கிலம் ஓரளவு வேண்டும்; பொறுமை நிறைய வேண்டும்.

பிள்ளை எங்கே தொடங்குவது? பழைய கணினி இரண்டு, சிறிய ஸ்விட்ச் பெட்டி ஒன்று, கம்பி இரண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை இறக்கி இரண்டிலும் நிறுவட்டும். வீட்டில் இணையம் இல்லையென்றால் நூலகத்தில் இறக்கி விரற்கட்டை அளவுள்ள யூ.எஸ்.பி. குச்சியில் கொண்டுவரலாம். ஒன்றைச் சர்வராக்கி, ஓர் அடைவைப் படிக்க மட்டும் என்று திறக்கட்டும். மற்றதில் அதைப் பொருத்தட்டும். முதலில் தமிழ் எழுத்துரு ஒன்றை வைத்துப் பார்க்கட்டும். பிறகு சின்ன நிரல் ஒன்றை மூலத்திலிருந்து தைத்து வைக்கட்டும். அடுத்து அந்த அடைவிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கத் தொடங்கி, பாதியில் கம்பியைப் பிடுங்கட்டும். வேலை நின்றுவிடும். இரண்டு நிமிடம் கழித்துச் செருகினால், சற்றுத் தாமதித்து, நின்ற இடத்திலிருந்தே நகரத் தொடங்கும். செய்ததையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கட்டும். பாலிடெக்னிக் நேர்முகத்துக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள்.